திருச்செங்கோட்டு ரிக் வண்டி பார்த்த இந்தியா

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு மண், கல், மலை, ஆறு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கடிதங்கள். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது, அதற்கு அவ்வளவு தகுதி இருந்தது.

ஐயா, பல வருசமா ஆழ்துளைக் கிணறு போடுற ரிக் வண்டியில வேலை பார்க்கிறேன். நம்ம ஊர்ல போர் போட்டா வெள்ளையும் சாம்பலுமா தூள் வரும். மகாராஷ்டிராவுல கருப்பாத்தான் வருது, நடுவுல திடீர்னு செங்கல் நிறத்துல ஒரு பட்டை வந்துட்டுப் போகுது. பீகார் பக்கம் எங்க வண்டிக்கு வேலையே இல்லைங்கிறாங்க. ஒரே நாடுதானுங்களே, அடியில ஏனுங்க இத்தனை வித்தியாசம்?
— ரிக் தொழிலாளி, திருச்செங்கோடு

தம்பி, பள்ளிக்கூடத்தில் இந்தியாவை மேலிருந்து பார்த்து, இமயமலை, வட சமவெளி, பீடபூமி, பாலைவனம், கடற்கரை, தீவுகள் என்று ஆறாகப் பிரித்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நீங்கள் அதே நாட்டைக் கீழே துளைத்துப் பார்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் வழிதான் சரி. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்தால் மேலே ஏன் மலை, ஏன் வயல், ஏன் பொட்டல்காடு என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் நம் ஊர். நீங்கள் சொல்லும் வெள்ளை, சாம்பல் தூள் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகளிலிருந்து வருவது. நாமக்கல், சேலம் பக்கத்தில் இவற்றுக்குச் சுமார் 250 கோடி வயது. ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் வெந்து இறுகிக் கிடந்தவை, மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போய்ச் சேர்ந்த பிறகு வெளியே வந்திருக்கின்றன. உங்கள் திருச்செங்கோட்டு மலை மாதிரி சமதரையில் தனியாக நிற்கும் குன்றுகள் எல்லாம் சுற்றிலும் கரைந்தபோது கரையாமல் நின்றவை. இந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடமே கிடையாது. மேலே சிதைந்த பகுதியிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர். ஒரு காட்டில் ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வருவதும், பக்கத்துக் காட்டில் இருநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சுவதும் அதனால்தான், வெடிப்பு மாட்டினால் உண்டு, மாட்டாவிட்டால் இல்லை.

மகாராஷ்டிராவில் நீங்கள் துளைப்பது எரிமலைக் குழம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தரை நீளவாக்கில் பிளந்து குழம்பு வழிந்து பரவியது, ஆறியது, மறுபடி வழிந்தது, இப்படி அடுக்கு மேல் அடுக்காகப் படிந்து இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பசால்ட் என்கிற அந்தக் கருப்பு எரிமலைக் கல் மூடிக் கிடக்கிறது. மகாபலேஷ்வர் பக்கம் மலைச்சரிவுகள் படிக்கட்டு படிக்கட்டாக இறங்குவது இந்த அடுக்குகளால். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது இந்தக் கல்லில்தான். சரி, அந்தச் செங்கல் நிறப் பட்டை? ஒரு குழம்பு ஓடி ஆறிய பிறகு அடுத்தது வருவதற்குள் நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியில் மேல்தோல் சிதைந்து களிமண்ணாகும், பிறகு அதன் மேல் அடுத்த குழம்பு வந்து படியும். சிவந்து போன அந்தக் களிமண்தான் உங்கள் தூளில் வருகிறது. அடுத்த முறை அந்த நிறம் மாறும்போது வண்டியில் இருக்கும் இளைய பையன்களுக்கும் காட்டுங்கள், இரண்டு எரிமலைப் பாய்ச்சல்களுக்கு இடையில் பூமி ஓய்ந்திருந்த காலம் அது.

பீகாரில், அதுவும் கங்கைக்கு வடக்கே, கல்லே தட்டுப்படாது. உங்கள் ஹேமர் பாறையை இடித்து உடைக்கிற கருவி, உடைக்க அங்கே பாறை இல்லை. மணல், வண்டல், களிமண், மறுபடி மணல். அங்கே சுழன்று துளைக்கும் வேறு வகை எந்திரம் வைத்து, சேற்றுநீர் பாய்ச்சிக்கொண்டே இறக்கி, சரிந்து மூடுவதற்குள் குழாயைச் செருக வேண்டும். இந்திய நிலம் ஆசியாவோடு மோதி இமயமலை எழும்பியபோது மலைக்குத் தெற்கே தரை நீளமாக அமுங்கிப் பெரிய பள்ளமானது. மலையிலிருந்து ஆறுகள் இறக்கிக்கொண்டு வந்த மண் அந்தப் பள்ளத்தை நிரப்பியதுதான் பஞ்சாபிலிருந்து வங்காளம் வரைக்குமான சமவெளி, சில இடங்களில் அந்த மண் பல கிலோமீட்டர் ஆழம். நம் ஊர்ப் பாறை அங்கேயும் அடியில் இருக்கிறது, ஆனால் அவ்வளவுக்கும் கீழே.

மண் மட்டுமே இருப்பதால் அங்கே ஆறு ஓரிடத்தில் நிற்பதில்லை. கோசி ஆறு இருநூறு சொச்சம் ஆண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கே நகர்ந்திருக்கிறது. 2008-ல் நேபாளத்தில் குசாஹா என்ற இடத்தில் கரை உடைந்து, தான் எப்போதோ விட்டுப் போன பழைய தடத்துக்கே பாய்ந்தது, லட்சக்கணக்கான ஜனங்கள் வீடிழந்தார்கள். நொய்யலோ அமராவதியோ அப்படி ஊரைத் தாண்டிப் போய்ப் படுப்பதில்லை, பாறை கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. திருப்பூரில் வேலைக்கு வரும் பீகார்ப் பிள்ளைகளிடம் அவர்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நமக்குத் தெரியாத ஒரு பூகோளம் அவர்களிடம் இருக்கிறது.

பேத்தியின் புத்தகத்தில் கரிசல் மண் எரிமலைக் கல்லிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. எங்கள் காடும் கரிசல்தான். அப்படியானால் பல்லடத்திலும் எரிமலை இருந்ததா?
— விவசாயி, பல்லடம்

இல்லைங்க. புத்தகம் சொல்வது மகாராஷ்டிராவுக்கும் மாளவத்துக்கும் பொருந்தும், மேலே சொன்ன எரிமலைக் கல் சிதைந்துதான் அங்கே கரிசல் ஆனது. நம் கரிசல் வேறு வழியில் வந்தது. இரும்பும் சுண்ணமும் கலந்த நைஸ் வகைப் பாறைகள், மழை குறைவான, வெயில் கூடுதலான இடத்தில், அதுவும் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடாத தாழ்ந்த தரையில் சிதைந்தால், ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் களிமண் உண்டாகிறது. சித்திரையில் உங்கள் காட்டில் விழும் வெடிப்பு அந்தக் களிமண்ணின் குணம்.

உங்கள் கிணற்று ஓரத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். மேலே கருப்பு மண், அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், அதற்கும் கீழே வெள்ளையும் கருப்பும் வரி வரியாக ஓடும் பாறை வரும். எரிமலைக் கல்லில் இந்த வரி இருக்காது. மேட்டுப்பாங்கான பக்கத்துத் தோட்டம் செம்மண்ணாகவும் பள்ளத்தில் உள்ள உங்கள் தோட்டம் கரிசலாகவும் இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள், ஒரே பாறைதான், தண்ணீர் வடியும் விதம் வேறு. நிறத்தை வைத்து நாட்டின் கரிசலை எல்லாம் ஒரே கணக்கில் எழுதிவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம், பேத்தியிடம் நம் காட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுகிறோம், 27 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடித்து ஆசனூர், சாம்ராஜ்நகர், மைசூர் என்று போகிறோம், இறக்கமே வரவில்லையே? ஏறினால் இறங்க வேண்டாமா?
— லாரி ஓட்டுநர், சத்தியமங்கலம்

பீடபூமி என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. நீங்கள் ஏறுவது ஒரு மலையைத் தாண்டுவதற்காக அல்ல, மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஏறுகிறீர்கள், ஏறியபின் மைசூரே அந்த உயரத்தில்தான் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர். ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே. இறக்கம் வேண்டுமானால் மைசூரைத் தாண்டி மேற்கே மங்களூருக்குப் போக வேண்டும், அங்கே காட் பாதையில் ஒரேயடியாக இறங்கிக் கடற்கரைக்கு வந்துவிடுவீர்கள்.

தக்காணம் முழுவதும் இந்தக் கணக்குத்தான், ஆனால் சாய்ந்த கணக்கு. தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்த கட்டில் மாதிரி மேற்குப் பக்கம் உயர்ந்து கிழக்கே சரிந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த உயர்ந்த விளிம்புதான், தப்தி ஆற்றுப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர். கோதாவரி நாசிக் பக்கத்துத் திரியம்பகத்தில் பிறக்கிறது, அரபிக்கடல் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இருந்தும் அது திரும்பி 1,465 கிலோமீட்டர் நடந்து வங்காள விரிகுடாவில் போய் விழுகிறது. கிருஷ்ணாவும் நம் காவேரியும் அதே மாதிரி. நர்மதையும் தப்தியும் மட்டும் இந்தச் சாய்வுக்கு அடங்கவில்லை, தரை பிளந்து அமுங்கிய பள்ளத்தாக்குகள் கிடைத்ததால் அவற்றின் வழியே மேற்கே ஓடிவிட்டன.

மேற்குத் தொடர்ச்சி மலை பெரியதா, இமயமலை பெரியதா என்று கேட்கவில்லை. எது மூத்தது?
— கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

நம்முடையது மூத்தது அம்மா. அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த பழைய பெருநிலம் உடைந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் நம்மை விட்டுப் பிரிந்தது. மேற்குக் கரையும் மலைவிளிம்பும் உருவான கதை அங்கே தொடங்குகிறது. இந்தியா ஆசியாவோடு மோதியது அதற்கெல்லாம் பிறகு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்த மோதல் இன்னும் ஓயவில்லை, வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறோம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமா, வீட்டில் யாராவது சாளக்கிராமம் வைத்துப் பூசை செய்தால் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் சுருண்டிருப்பது கடலில் வாழ்ந்து மறைந்த அம்மோனைட் என்ற உயிரின் ஓடு. கடலடிச் சேறு மலை உச்சிக்குப் போயிருக்கிறது.

வால்பாறையில் விடாமல் கொட்டுகிறது, பொள்ளாச்சியில் சாரல், தாராபுரம் போனால் வெறும் காத்து. மலை இருந்தால் மழை என்று படித்தோமே? ராஜஸ்தானிலும்தான் மலை இருக்கிறது.
— இல்லத்தரசி, பொள்ளாச்சி

மலை இருந்தால் மட்டும் போதாதுங்க, காற்றுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். தென்மேற்குக் காற்று ஆனைமலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. வால்பாறைக்கு வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல், அதை ஒட்டிய சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகிக் காய்ந்துவிடும், கோவைக்கு வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் கிடைத்தால் பெரிது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் தருவது.

ஆனால் கொங்குக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை என்ற நீண்ட சுவரில் இதைப் போல அகலமாக உடைந்த இடம் வேறு கிடையாது, பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமலையில் ஆனைமுடி 2,695 மீட்டர், நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு 300 மீட்டருக்கும் தாழ்ந்த தரை. மிகப் பழைய காலத்தில் நிலத்துண்டுகள் மோதி அரைபட்ட ஒரு பட்டை இந்த வழியாக ஓடுகிறது, பாறை நொறுங்கிய இடத்தில் அரிப்பு சுலபம். காற்று இங்கே மேலே ஏற வேண்டியதில்லை, நேராக நுழைந்து வேகமெடுக்கிறது. ஏறாததால் மழை கொஞ்சம், வேகம் அதிகம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், உடுமலை, பூளவாடி, கேத்தனூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இந்த வாசல்தான் காரணம். 1860-களிலேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் போக முடிந்ததும் இதனால்தான். குளிர்ந்த சோலைக்காடுகளை விட்டு இறங்காத சிறு பறவைகளுக்கோ இந்தத் தாழ்தரை கடக்க முடியாத இடம், நீலகிரியில் உள்ள சிலம்பன் என்ற பறவை ஒரு இனம், பழனி மலையில் உள்ளது வேறு இனம்.

ராஜஸ்தானுக்கு வருகிறேன். ஆரவல்லி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது, அரபிக்கடல் காற்றும் ஏறக்குறைய அதே திசையில் போகிறது. மலைக்கு இணையாக ஓடுவதால் தடுத்து மேலே தூக்க எதுவும் இல்லை. வங்காள விரிகுடாப் பக்கம் சுற்றி வரும் காற்றோ அவ்வளவு தூரம் வருவதற்குள் ஈரத்தை இழந்துவிடுகிறது. ஜெய்சால்மரில் வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் தேறும். அங்கே லூனி என்றொரு ஆறு, ஆரவல்லியில் பிறந்து கடலைக் காணாமலே கட்ச் சதுப்பில் கரைந்து போகிறது.

பவானி கேரளாவுக்குள் போய்விட்டுத் திரும்பி வருவது ஏன்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், மேட்டுப்பாளையம்

நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறப்பதால் முதலில் சரிவைப் பார்த்துக் கேரளத்து அட்டப்பாடிக்குள் இறங்குகிறது. அங்கே முக்காலி என்ற ஊர்ப் பக்கத்தில் பாறையின் பழைய முறிவுக்கோடு ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது, ஆறு அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே திரும்பிவிடுகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான், கபினி, பவானி, பாம்பாறு. அவற்றில் பவானி நமக்கு நேராக வருகிறது, பாம்பாறு அமராவதியாக வருகிறது. கோவை குடிக்கும் சிறுவாணியும் பவானியின் துணையாறு. பாசனச் சண்டை வரும் ஆண்டுகளில் இந்த வரைபடத்தை இரண்டு பக்கத்தாரும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

நம்ம பக்கம் பூகம்பம் வராதுதானே?
— கட்டட மேஸ்திரி, அவிநாசி

வராது என்று சொல்ல மாட்டேன். இமயமலை போல அடிக்கடி வராது, அவ்வளவுதான். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையில் ரிக்டர் கணக்கில் சுமார் 6 அளவுக்கு ஒரு நடுக்கம் வந்தது. ஆடாத பழைய பாறை என்று எல்லோரும் நம்பியிருந்த மகாராஷ்டிரத்து லாத்தூரில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் வந்ததில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள், பாதிக்குமேல் காரணம் மண் வைத்துக் கட்டிய கனமான கல்சுவர்கள். 2002-ல் வந்த நிலநடுக்க அபாய வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலம், அதாவது நடுத்தர அபாயம். தூண், பீம் கம்பியில் சிக்கனம் பார்க்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் குன்றைக் குவாரிக்குக் கேட்கிறார்கள். ரொம்பச் சின்னக் கரடு, போனால் என்ன நஷ்டம் என்கிறார்கள். என்ன சொல்வது?
— இளைஞர் மன்றம், காங்கேயம் பக்கம்

காங்கேயம் பக்கத்தில் எந்தக் கரட்டையும் வெறும் ஜல்லி என்று நான் நினைக்க மாட்டேன். சிவன்மலைப் பாறை நெஃபலின் சையெனைட் என்கிற அபூர்வ வகை, புவியியல் மாணவர்கள் தேடி வந்து பார்ப்பது. படியூரில் கிடைத்த நீல பெரில் கல் ரோமாபுரி வரை விலைபோன காலம் உண்டு, நொய்யல் கரைக் கொடுமணலில் மணி கோத்த பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஆரவல்லியில் நடந்ததையும் சொல்லுங்கள். ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற விவரம் 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது, நீதிபதிகளே அதிர்ந்து போனார்கள். தார் பாலைவனத்துக்கும் தில்லிப் பக்கத்துக்கும் நடுவே நிற்கும் மலை அது.

உங்கள் கரட்டைப் பொறுத்தவரை, மழை பெய்யும்போது அதன் மேல் விழும் தண்ணீர் அடிவாரத்துச் சரளையில் இறங்கித்தான் சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போகிறது. முதல் கேள்விக்குச் சொன்னேனே, நம் பாறையில் தண்ணீர் மேல்தோலிலும் வெடிப்பிலும்தான் இருக்கிறது என்று, வெடி வைத்தால் அந்த வெடிப்புகள் எந்தப் பக்கம் திறக்கும், எந்தக் கிணறு வற்றும் என்று ஒருவரும் உறுதி கொடுக்க முடியாது. ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். கரட்டிலிருந்து எந்தப் பள்ளம் கிளம்புகிறது, எந்தக் குளத்துக்குப் போகிறது, சுற்றிலும் எத்தனை கிணறு, ஒவ்வொன்றிலும் சித்திரையில் நீர்மட்டம் எத்தனை அடி, ஐப்பசியில் எத்தனை அடி என்று ஊரிலேயே அளந்து எழுதி, கிராம வரைபடத்தில் குறித்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள்.